மந்திரிசபை உண்டு, மண் இல்லை

1945 ஆகஸ்ட் 17 அன்று மெக்சிகோ நகரில் ஒரு மண்டபம் ஸ்பெயின் ஆனது. மெக்சிகோ அரசே அப்படி அறிவித்துவிட்டது: இந்த நான்கு சுவருக்குள் எங்கள் சட்டம் செல்லாது, இது அயல்நாட்டு மண். மூவண்ணக் கொடி ஏறியது. ஸ்பானியக் குடியரசின் நாடாளுமன்றம் கூடியது. 1936-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் 473 பேர். வந்து சேர்ந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. வலதுசாரிகள் எப்போதோ கலகத் தளபதி ஃபிராங்கோவின் பக்கம் போயிருந்தார்கள். மற்றவர்களில் பலர் சுடப்பட்டிருந்தார்கள், பலர் சிறையில் இருந்தார்கள். கோரம் உண்டா என்று கேட்காதீர்கள். அந்தச் சண்டையை அவர்கள் ஜனவரியிலேயே போட்டு முடித்திருந்தார்கள்.

டியேகோ மார்ட்டினெஸ் பாரியோ குடியரசுத் தலைவரானார். ஹோசே ஹிரால் பிரதமரானார். இலாகாக்கள் பிரிக்கப்பட்டன. நிதிக்கு ஒரு மந்திரி. வசூலிக்க வரி இல்லை. பாதுகாப்புக்கு ஒரு மந்திரி. காக்க எல்லை இல்லை. நீதிக்கு ஒரு மந்திரி. நாட்டில் அது இருந்தால் இவர்கள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? பிறகு குடிபெயர்வுக்கென்றும் ஒரு துறை சேர்ந்தது. உண்மையில் வேலை இருந்த துறை அது ஒன்றுதான்.

சிரிப்பு வருகிறதா? உலகத் தலைநகரங்களும் அப்படித்தான் சிரித்தன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வாக்குச்சீட்டில் வந்த அரசு இந்த மண்டபத்தில் இருந்தது. துப்பாக்கியில் வந்தவர் மத்ரித் அரண்மனையில் இருந்தார். உலகம் எந்தப் பக்கம் கைகுலுக்கியது என்று நான் சொல்லவேண்டியதில்லை. நீங்களும் நாளிதழ் படிக்கிறவர்தான்.

இந்த மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டிய இடம் லண்டன். 1936 ஜூலையில் தளபதிகள் கலகம் செய்தார்கள். செப்டம்பரில் லண்டனில் 'தலையிடாமைக் குழு' கூடியது. 27 நாடுகள். யாரும் ஸ்பெயினுக்கு ஆயுதம் தருவதில்லை என்று சத்தியம். சத்தியம் செய்தவர்களில் ஜெர்மனியும் இத்தாலியும் உண்டு. ஹிட்லரின் ஆள் லண்டனில் மேசைமுன் உட்கார்ந்து தலையிடாமை பற்றிப் பேசினார். ஹிட்லரின் விமானங்கள் 1937 ஏப்ரல் 26-இல் கெர்னிக்கா என்ற சிற்றூரைச் சந்தை நாள் பார்த்து எரித்தன. முசோலினி 70,000-க்கும் மேற்பட்டவர்களைத் துப்பாக்கியோடு அனுப்பினார். கேட்டால் தொண்டர்கள் என்றார். குழு குறிப்பெடுத்துக்கொண்டது. தேநீர் வந்தது. அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள்.

அந்தக் குழுவின் தடை ஒரே ஒரு தரப்பைத்தான் முழுதாகக் கட்டிப்போட்டது. யாரை என்கிறீர்களா? சட்டப்படியான அரசை. பிரிட்டன் விற்காது. பிரான்ஸ் எல்லைக் கதவைத் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். அமெரிக்கா நடுநிலை. அந்த நடுநிலையின் நிழலில் டெக்சாக்கோ நிறுவனம் ஃபிராங்கோவின் லாரிகளுக்கும் விமானங்களுக்கும் எண்ணெய் ஊற்றியது. அதுவும் கடனுக்கு. எண்ணெய் ஆயுதம் இல்லையாம். தண்ணீரில் ஓடியிருக்கும் போல அந்த விமானங்கள்.

சோவியத் ஒன்றியமும் கையெழுத்துப் போட்டது. பிறகு குடியரசுக்கு ஆயுதம் விற்றது. விற்றது; கொடுக்கவில்லை. 1936 அக்டோபரில் கார்த்தஹேனா துறைமுகத்தில் 510 டன் தங்கம் கப்பலேறி மாஸ்கோ போனது. ஒரு நாட்டின் கஜானாவில் பெரும்பகுதி. எல்லாம் எப்போதோ செலவாகிவிட்டது என்று 1957-இல் பிராவ்தா பத்திரிகை கணக்கை முடித்து வைத்தது. பாட்டாளிகளின் தாயகம் சில்லறை பாக்கி வைக்கவில்லை.

1939 பிப்ரவரி 27. மத்ரித் இன்னும் குடியரசின் கையில் இருந்தது. போர் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிரிட்டனும் பிரான்சும் அன்றைக்கே ஃபிராங்கோவை அங்கீகரித்தன. அன்றைக்கே குடியரசுத் தலைவர் மானுவல் அசான்யா பிரெஞ்சு மண்ணிலிருந்து ராஜினாமா செய்தார். பிரான்ஸ் ஃபிராங்கோவிடம் அனுப்பிவைத்த தூதர் யார் தெரியுமா? மார்ஷல் பெத்தான். அடுத்த ஆண்டே அவர் ஊர் திரும்பி, தன் நாட்டையே ஹிட்லரின் காலடியில் வைத்தார். மத்ரித்தில் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் 4.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலை கடந்து பிரான்சுக்குள் வந்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நாணயத்தில் அச்சடிக்கும் நாடு அவர்களை வரவேற்றது. ஆர்ஜெலஸ் கடற்கரையில் வெறும் மணல். மணலைச் சுற்றி முள்கம்பி. கூரை இல்லை, கழிப்பிடம் இல்லை. கைகளால் குழி தோண்டிப் படுத்துக்கொள்ளலாம். அதற்குச் சுதந்திரம் உண்டு. எல்லோருக்கும் ஒரே மணல், அது சமத்துவம். மூன்றாவதை முள்கம்பிக்கு அந்தப் பக்கம் காவல் நின்றவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கவிஞர் அந்தோனியோ மச்சாதோ எல்லையைத் தாண்டிச் சில வாரங்களில் கொலியூர் என்ற ஊரில் செத்துப்போனார்.

அசான்யாவின் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 1940 நவம்பரில் மோந்தொபான் நகரத்து விடுதி அறை ஒன்றில் இறந்தார். அந்த அறைக்கு வாடகை கொடுத்து, அங்கே மெக்சிகோவின் பாதுகாப்பு உண்டு என்று அறிவித்து வைத்தது மெக்சிகோ தூதரகம். இல்லாவிட்டால் ஃபிராங்கோவின் ஆட்கள் உயிரோடு தூக்கிப் போயிருப்பார்கள். இறந்த பிறகும் விடவில்லை. பெத்தான் அரசின் மாவட்ட அதிகாரி வந்தார். சவப்பெட்டியின்மேல் குடியரசுக் கொடியைப் போர்த்தக் கூடாது என்றார். வேண்டுமானால் ஃபிராங்கோவின் கொடியைப் போர்த்திக்கொள்ளுங்கள் என்றார். கொன்றவனின் கொடி! சட்டம் ஒழுங்கு கெடக் கூடாதல்லவா? மெக்சிகோ தூதர் லூயிஸ் ரோட்ரிகஸ் விவாதிக்கவில்லை. தன் நாட்டுக் கொடியை எடுத்துப் போர்த்தினார். ஐரோப்பாவின் ஜனநாயகங்கள் அத்தனையும் சேர்ந்து ஒரு சவத்துக்கு ஆறடித் துணி தர முடியாத நாள் அது.

மற்றவர்களுக்கு அந்த மரியாதையும் இல்லை. கத்தலோனியாவின் தலைவர் லூயிஸ் கொம்பானிஸை ஜெர்மானியர்கள் பிரான்சில் பிடித்து ஃபிராங்கோவிடம் கொடுத்தார்கள். 1940 அக்டோபர் 15-இல் பார்சிலோனாவின் மோன்சுயிக் கோட்டையில் சுட்டார்கள். 7,000-க்கும் மேற்பட்ட ஸ்பானியர்கள் மவுத்ஹவுசன் வதை முகாமுக்குப் போனார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. உயிர் பிழைத்த வேறு சிலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். 1944 ஆகஸ்ட் 24 இரவு பாரிஸ் நகர மண்டபத்தின் வாசலுக்கு முதலில் வந்து சேர்ந்த கவச வண்டிகளில் தெருவேல், குவாதலஹாரா, கெர்னிக்கா என்ற பெயர்கள் இருந்தன. எல்லாம் ஸ்பெயின் போர் கண்ட ஊர்களின் பெயர்கள். பாரிஸை விடுவித்தாயிற்று, அடுத்தது மத்ரித் என்று அந்தப் பையன்கள் நம்பினார்கள். முட்டாள்கள். கொடுத்த வாக்கை நம்பிய முட்டாள்கள்.

மெக்சிகோ மண்டபத்தில் நாடாளுமன்றம் கூடி மூன்று நாள் கழித்து, பிரிட்டனின் வெளியுறவு மந்திரி எர்னஸ்ட் பெவின் நாடாளுமன்றத்தில் எழுந்தார். ஸ்பெயினில் யார் ஆள்வது என்பதை ஸ்பெயின் மக்களே தீர்மானிக்கட்டும் என்ற பொருளில் பேசினார். நல்ல பேச்சு. எப்படித் தீர்மானிப்பது? ஓட்டுப் பெட்டி ஃபிராங்கோவின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பெவினின் பிரதமர் கிளமெண்ட் அட்லி. இதே அட்லி 1937 டிசம்பரில் ஸ்பெயினுக்கே போய், போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தொண்டர்கள் முன் நின்று, முஷ்டியை உயர்த்தியவர். ஒரு படைப்பிரிவுக்கே அவர் பெயரை வைத்தார்கள். எதிர்க்கட்சித் தலைவரின் முஷ்டி பிரதமரான பிறகு விரிந்துவிடும். நமக்கு இது புதிதா என்ன?

1946 மார்ச் 4-இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து கூட்டறிக்கை விட்டன. ஃபிராங்கோ அமைதியாக விலகிக்கொள்வார் என்று நம்புகின்றனவாம். தலையிடும் உத்தேசம் இல்லையாம். ஒரு சர்வாதிகாரிக்கு இதைவிட நிம்மதியான கடிதம் யார் எழுத முடியும்? அவர் விலகினார்: அடுத்த 29 ஆண்டுகள் கழித்து, ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து.

அந்த டிசம்பர் 12-இல் ஐக்கிய நாடுகள் சபை வீறுகொண்டு எழுந்தது. ஃபிராங்கோ ஆட்சி பாசிச ஆட்சி என்று தீர்மானம் போட்டது. மத்ரித்திலிருந்து தூதர்களைத் திரும்பப் பெறுங்கள் என்றது. நியாயமான காலத்துக்குள் ஜனநாயகம் வராவிட்டால் பாதுகாப்பு சபை பார்த்துக்கொள்ளும் என்றது. தூதர்கள் போனார்கள். தூதரகங்கள் இருந்தன. துணைத் தூதர்கள் இருந்தார்கள். வர்த்தகம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டோடு கோபம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பந்தியில் மட்டும் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்குகிற பெரிய மனிதர்களை நாம் கல்யாணங்களில் பார்த்திருக்கிறோம். அர்ஜென்டினா அந்தக் கோபத்தைக்கூடக் காட்டவில்லை. புதிய தூதரை அனுப்பியது, கூடவே கோதுமையையும்.

நியாயமான காலம் என்பது எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் தெரிந்தது: நான்கு ஆண்டு. 1950 நவம்பர் 4-இல் அதே ஐ.நா. அதே தீர்மானத்தின் தூதர் பகுதியை ரத்து செய்தது. ஸ்பெயினில் ஜனநாயகம் வந்துவிட்டதா? இல்லை. கொரியாவில் போர் வந்துவிட்டது. கம்யூனிஸ்டுகளைப் பிடிக்காத எவரும் நல்லவர் என்று வாஷிங்டன் கண்டுபிடித்திருந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் 6.25 கோடி டாலர் கடனுக்கு அனுமதி கொடுத்தது. 1952-இல் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது; கல்விக்கும் பண்பாட்டுக்கும் ஃபிராங்கோ ஆற்றிய தொண்டு அப்படி. 1953 செப்டம்பர் 26-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரோத்தா, மோரோன், தொர்ரெஹோன், சரகோசா. நான்கு தளங்கள். குடியரசிடம் சட்டம் இருந்தது, நியாயம் இருந்தது, விமானம் இறங்க ஒரு முழம் தரை இல்லை. ஃபிராங்கோவிடம் தரை இருந்தது.

1955 டிசம்பர் 14-இல் நடந்தது மொத்த வியாபாரம். வல்லரசுகள் இரண்டும் பேரம் பேசி 16 நாடுகளை ஒரே கட்டாக ஐ.நா.வுக்குள் சேர்த்தன. எங்கள் ஆட்கள் இத்தனை, உங்கள் ஆட்கள் இத்தனை. ஆண்டுக்கணக்கில் வாசலில் நின்ற இலங்கைக்கு அந்தக் கட்டில்தான் இடம் கிடைத்தது. ஸ்பெயினும் அதே கட்டில். கூடவே ஹங்கேரி, ருமேனியா. பாசிசத்தை ஒருபோதும் மன்னியோம் என்று சில ஆண்டுக்கு முன்புதான் நாடு கடந்த குடியரசை அங்கீகரித்த நாடுகள் இவை. இப்போது ஃபிராங்கோவோடு ஒரே வண்டியில் ஏறி வந்து பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தன. சோவியத் ஒன்றியம் எதிர்க்கவில்லை. மெக்சிகோவும் பெல்ஜியமும் மட்டும் கை தூக்க மறுத்து வாக்களிக்காமல் இருந்தன. 1959-இல் ஐசனோவர் மத்ரித்துக்கு வந்தார். ஹிட்லரின் படைகளை முறியடித்த தளபதி, ஹிட்லரின் விமானங்களால் பதவிக்கு வந்தவரைக் கட்டித் தழுவினார். படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

உலகத்தை மட்டும் திட்டிவிட்டு நம்மவர்களை விட்டுவிட்டால் அது பாரபட்சம். குடியரசுக்காரர்கள் நாட்டைத் தவிர எல்லாவற்றையும் அகதியாகக் கொண்டு வந்திருந்தார்கள். முக்கியமாக, சண்டையை.

போர் முடியும் முன்பே தளபதி கசாதோ சொந்தப் பிரதமர் ஹுவான் நெக்ரினைக் கவிழ்த்திருந்தார். பிரான்சில் அகதிகள் மணலில் கிடந்தபோது அவர்களுக்கு உதவ இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று நெக்ரினுடையது. மற்றொன்று அவருடைய பழைய தோழர் இந்தலேசியோ பிரியெத்தோவுடையது. 1939 மார்ச்சில் 'வீத்தா' என்ற கப்பல் நகைகளும் பொக்கிஷமுமாகப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு மெக்சிகோ கரையில் நின்றது. அனுப்பியவர் நெக்ரின். வாங்கிக்கொள்ள வேண்டிய நெக்ரினின் ஆள் வந்து சேரத் தாமதமானது. பிரியெத்தோ தாமதிக்கவில்லை. பெட்டிகள் அவர் வசம் போயின. அதற்குப் பிறகு ஸ்பானியக் குடியரசு இரண்டு தரப்பானது: பெட்டி வைத்திருந்த தரப்பு, பெட்டி எங்கே என்று கேட்ட தரப்பு. மணலில் கிடந்தவன் எந்தத் தரப்பு என்று யாரும் கேட்கவில்லை.

1946-இல் சோசலிஸ்ட் கட்சி நெக்ரினையும் அவருடைய ஆதரவாளர்கள் சிலரையும் கட்சியிலிருந்து நீக்கியது. ஃபிராங்கோ மத்ரித்தில் உட்கார்ந்து எதிரிகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். இவர்கள் பிரான்சில் உட்கார்ந்து தோழர்களை நீக்கிக்கொண்டிருந்தார்கள். நெக்ரினின் நீக்கத்தைக் கட்சி 2008-இல் ரத்து செய்தது. அவர் இறந்து அப்போது கிட்டத்தட்ட 52 ஆண்டு ஆகியிருந்தது. நல்லவேளை, அவர் மேல்முறையீடு செய்யவில்லை; இன்னும் தாமதமாகியிருக்கும்.

பிரியெத்தோ வேறு வழி கண்டார். குடியரசை விட்டுவிட்டு முடியாட்சிக்காரர்களோடு கைகோத்தால் பிரிட்டனுக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். 1948 ஆகஸ்டில் ஒப்பந்தம் தயாரானது. அதே ஆகஸ்ட் 25-இல் முடிக்கு உரிமை கோரிய தோன் ஹுவான், ஃபிராங்கோவின் 'அசோர்' படகில் ஏறி அவரோடு பேசி, தன் பத்து வயது மகனை ஸ்பெயினில் படிக்க அனுப்பச் சம்மதித்தார். பேரம் பேசப் போனவரை விட்டுவிட்டுப் பேரமே வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பையன் பெயர் ஹுவான் கார்லோஸ். பெயரை நினைவில் வையுங்கள்.

நாடு கடந்த அரசை விட்டு 1947 ஆகஸ்டிலேயே சோசலிஸ்டுகள் போயிருந்தார்கள். கம்யூனிஸ்டுகளும் போயிருந்தார்கள். மிச்சமிருந்த சிறு குடியரசுக் கட்சிகள், மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்கு இடம் மாறியிருந்த அரசை நடத்தின. கூட்டம் கூட்டினார்கள். கண்டனம் தெரிவித்தார்கள். மெக்சிகோவிலும் யூகோஸ்லாவியாவிலும் தூதரகம் வைத்திருந்தார்கள். பிரான்ஸ் அவர்களைத் தங்கவிட்டது, அரசாக அங்கீகரிக்கவில்லை. பாஸ்க் மக்களின் நாடு கடந்த அரசுக்குப் பாரிஸில் ஒரு கட்டடம் இருந்தது. போர்க்காலத்தில் கெஸ்டாபோ அதைப் பறித்து ஃபிராங்கோவுக்குக் கொடுத்தது. விடுதலைக்குப் பிறகு பாஸ்க்குகளுக்குத் திரும்பியது. 1951-இல் சுதந்திர பிரான்சின் போலீஸ் வந்து அவர்களை வெளியேற்றி மறுபடி ஃபிராங்கோவிடமே கொடுத்தது. கெஸ்டாபோ செய்தால் கொள்ளை. நீதிமன்ற முத்திரையோடு செய்தால் சட்டத்தின் ஆட்சி.

ஆனால் அந்த வெறும் நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் கோபம் தலைக்கு ஏறுகிறது. 1960-இல் பிரதமரான எமிலியோ எரேரா விமானப் பொறியாளர். 1935-லேயே பலூனில் ஏறி வான்மேலடுக்குக்குப் போக உடை ஒன்றை வடிவமைத்தவர். விண்வெளி உடைக்கு அது மூதாதை. யுனெஸ்கோ ஃபிராங்கோவின் ஸ்பெயினைச் சேர்த்துக்கொண்டபோது அங்கே பார்த்துவந்த வேலையை உதறியவர். அடுத்தவர் கிளாவுதியோ சாஞ்செஸ்-அல்போர்னோஸ், இடைக்கால வரலாற்றில் பெரும் புலமை கொண்டவர். புவெனஸ் ஐரஸில் பாடம் நடத்திக்கொண்டே ஒன்பது ஆண்டு பிரதமராக இருந்தார். குடியரசுத் தலைவராயிருந்த லூயிஸ் ஹிமேனெஸ் தெ அசூவா 1931 அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர். அவர் புவெனஸ் ஐரஸில்தான் செத்தார். ஒரு நாடு தன் விஞ்ஞானியையும் வரலாற்றாசிரியரையும் சட்ட மேதையையும் துரத்திவிட்டு யாரை வைத்துக்கொண்டது? ஃபிராங்கோவின் மந்திரிசபைப் படங்களை எடுத்துப் பாருங்கள். பதக்கங்களை எண்ணி முடிக்க ஒரு மத்தியானம் ஆகும்.

1975 செப்டம்பரில், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஃபிராங்கோ ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். ஐரோப்பா கொதித்தது. என்ன செய்தது? தூதர்களைத் திரும்ப அழைத்தது. 29 ஆண்டாகியும் மருந்தை மாற்றவில்லை. தூதர்கள் இம்முறையும் திரும்பிப் போனார்கள். நவம்பரில் ஃபிராங்கோ இறந்தார். ஹுவான் கார்லோஸ் அரசரானார். நினைவிருக்கிறதா, அந்தப் படகு?

1977 மார்ச்சில் மெக்சிகோ குடியரசின் கணக்கை மரியாதையோடு முடித்துக்கொண்டு, பத்தே நாளில் மத்ரித்தோடு உறவைத் தொடங்கியது. 38 ஆண்டு காத்த நாட்டை நாம் குறைசொல்ல முடியாது. ஜூன் 15-இல் ஸ்பெயினில் தேர்தல். கம்யூனிஸ்டுகளுக்கு அனுமதி கிடைத்தது. சோசலிஸ்டுகளுக்குக் கிடைத்தது. ஃபிராங்கோவின் பழைய மந்திரிகளுக்குக் கேட்காமலே கிடைத்தது. கடைசிவரை நாடு கடந்த அரசைத் தாங்கிய குடியரசுக் கட்சிக்கு மட்டும் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்த பிறகு அனுமதித்தார்கள். ஜூன் 21-இல் பிரதமர் பெர்னாந்தோ வலேராவும் தலைவர் ஹோசே மல்தொனாதோவும் பாரிஸில் அறிக்கை வெளியிட்டு, தங்களைப் போட்டியிட விடாத தேர்தலின் முடிவை ஏற்று, அரசைக் கலைத்தார்கள். ஜனநாயகத்தை அந்த அளவுக்கு நம்பியவர்கள் அந்த வாரம் ஐரோப்பாவில் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

சாஞ்செஸ்-அல்போர்னோஸ் முதிர்ந்த வயதில் ஊர் திரும்பினார். 1984-இல் அவருக்கு ஒரு பெரிய விருது கொடுத்தார்கள். குடியரசின் முன்னாள் பிரதமருக்குக் கொடுத்த அந்த விருதின் பெயர் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது.

மன்னராட்சியா, குடியரசா என்று மக்களிடம் தனியாக ஏன் கேட்கவில்லை? அதற்கும் பதில் உண்டு. அந்தக் காலத்துப் பிரதமர் அதோல்போ சுவாரெஸ் 1995-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொன்னார். கருத்துக் கணிப்பு எடுத்துப் பார்த்தோம், தோற்றிருப்போம். அதனால் அரசர் என்ற சொல்லை அரசியல் சீர்திருத்தச் சட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டோம் என்றார். மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. தொலைக்காட்சி 21 ஆண்டு வைத்திருந்து 2016-இல் ஒளிபரப்பியது. அந்தக் கேள்வி இன்றுவரை வாக்குச்சீட்டில் ஏறவில்லை.